மிதிவண்டியில் உறங்கியவர்

காறை எலும்பு முறிந்து அவர் என்னிடம் வந்தபோது அதிகாலை ஐந்தரை மணி. பி.ஆர்.எம். எனப்படும் நெடுந்தூர மிதிவண்டிப் பயணத்தில், 400 கிலோமீட்டர் பிரிவில் விழுந்திருந்தார். லாரி உரசியதா, பள்ளமா என்று கேட்டேன். "எதுவுமே இல்லை டாக்டர். ரோடு நேராகத்தான் இருந்தது. எப்படி விழுந்தேன் என்றே தெரியவில்லை" என்றார். தோளில் பெரிய சிராய்ப்பு; உள்ளங்கைகளில் ஒரு கீறல்கூட இல்லை. கையை ஊன்ற முயன்ற தடமே இல்லை. அதை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாதுதான். ஆனால், "கடைசியாக எப்போது உறங்கினீர்கள்?" என்ற கேள்விக்கு அவர் விரல் விட்டு எண்ண வேண்டியிருந்தது.

இந்தப் பயணங்களில் போட்டி இல்லை, நேர வரம்பு மட்டுமே உண்டு. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. சாப்பாடு, பஞ்சர், உறக்கம் எல்லாம் அதற்குள் அடக்கம். இந்த நான்கையும் முடித்தவர்களே 1891-இல் தொடங்கிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பயணத்துக்குத் தகுதி பெறுகிறார்கள். அங்கே 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம். அந்தக் கனவை நான் மதிக்கிறேன். அதற்காகப் பல ஆண்டுகள் உழைப்பவர்களைத் தெரியும். அதனால்தான் இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

காலை ஆறு மணிக்குப் புறப்பட வேண்டுமென்றால் மூன்று மணிக்கே எழுந்திருப்பீர்கள். பதற்றத்தில் முந்தைய இரவும் சரியாக உறங்கியிருக்க மாட்டீர்கள். அன்றிரவு எட்டு மணிக்கு நீங்கள் விழித்து 17 மணி நேரம் ஆகியிருக்கும். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீத மதுவுடன் இருப்பவர் அளவுக்குத் தளர்ந்துவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் மோட்டார் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 0.03. இரவு உணவு வேளையிலேயே அதைத் தாண்டிவிடுகிறீர்கள். அதன் பிறகும் விடியும்வரை நெடுஞ்சாலை ஓரத்தில் ஓட்டம் இருக்கிறது.

வெள்ளைக் கோடு அசைவதுபோல் தெரிவது, திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிடுவது, கடந்த இரண்டு கிலோமீட்டர் நினைவில் இல்லாமல் போவது. இவற்றில் ஒன்று நடந்தாலும் இறங்கிவிடுங்கள். "அடுத்த கண்ட்ரோலில் (வழியில் வருகையைப் பதிவு செய்யும் இடம்) பார்த்துக்கொள்ளலாம்" என்று மட்டும் நினைக்காதீர்கள். வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்க் கிடைத்தால் போதும். ஒரு காபியைக் குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் படுங்கள். காபி வேலை செய்யத் தொடங்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். அதைத் தாண்டி அரைகுறையாக உறங்கினால் எழுந்ததும் மந்தமாக இருக்கும்; தெளிந்த பிறகே வண்டியில் ஏறுங்கள்.

இன்னொன்று, வலி மாத்திரை. இபுப்ரோஃபென் போன்றவற்றை நீர் வற்றிய உடலோடு விழுங்குவது சிறுநீரகத்தைப் பாதிக்கும். வேண்டாம்.

எலும்பு கூடி, பல மாதங்கள் கழித்து அவர் மீண்டும் வந்தார். 600-க்குப் பதிவு செய்யலாமா என்று கேட்டார். காகிதத்தில் கூட்டிப் பார்த்தோம். மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் ஓட்டத்துக்கு 30 மணி நேரம். மீதி 10. சாப்பாடு, தண்ணீர், பஞ்சர், கண்ட்ரோல் எல்லாவற்றுக்கும் ஏழு மணி நேரம் ஒதுக்கினோம். மீதி மூன்று மணி நேரத்துக்கு, வழியில் ஒரு விடுதி அறையை என் முன்னாலேயே தொலைபேசியில் பதிவு செய்தார்.