வரிக்குதிரைக்கு எதற்கு நுளம்பு வலை?

1987இல் நமீபியாவிலிருந்து சில வரிக்குதிரைகள் ஸ்பெயினுக்கு வந்தன. மட்ரிட் அருகே இருந்த ஒரு சஃபாரி பூங்காவுக்காக வாங்கப்பட்டவை. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் கொஞ்ச நாளில் அந்தப் பக்கத்துக் குதிரைகள் மூச்சுத்திணறிச் சாகத் தொடங்கின. வந்திருந்தது ஆபிரிக்கக் குதிரை நோய். 1990 வரை அது ஸ்பெயினில் திரும்பத் திரும்பத் தலைகாட்டியது.

வரிக்குதிரைக்கு அந்த வைரஸ் பழகிப்போன ஒன்று. 40 நாள் வரைகூட இரத்தத்தில் சுற்றும், ஆனால் காய்ச்சல்கூட வராது. குதிரை அப்படியல்ல, தொற்றியவற்றில் பெரும்பாலானவை செத்துப்போகும். ஒன்றிலிருந்து மற்றதற்கு நோயைக் கொண்டுபோவது கியூலிகாய்டிஸ் என்ற கடிக்கும் பூச்சி. நுளம்பைவிட மிகச் சிறியது, சாதாரண நுளம்பு வலைக்குள்ளே நுழைந்துவிடும். அதனால்தான் இறக்குமதியாகும் வரிக்குதிரையை இன்னும் நெருக்கமான கண்ணி கொண்ட வலைக்குள், பூச்சி மருந்து அடித்த தொழுவத்தில் தனிமைப்படுத்தி வைக்கிறார்கள். அந்தப் பூச்சிகள் அதிகம் கடிக்கும் அந்தி, விடியல் நேரங்களில் வெளியே விடுவதில்லை. 2020இல் தாய்லாந்தில் இதே நோய் 500க்கும் மேற்பட்ட குதிரைகளைக் கொன்றது. அங்கும் இறக்குமதியான வரிக்குதிரைகள் மேல்தான் சந்தேகம் விழுந்தது. நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. இலங்கையின் வடக்கே நெடுந்தீவில் காலனித்துவக் காலத்திலிருந்து கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளுக்கு இந்த நோயை எதிர்க்கும் சக்தி கிடையாது.

சரி, புறப்படும் நாட்டு மிருக வைத்தியர் சுகாதாரச் சான்றிதழ் கொடுக்கிறாரே, அது போதாதா? அந்தக் கடதாசி அவசியம்தான். ஆனால் அது பரிசோதித்த நாளின் நிலைமையை மட்டும்தான் சொல்லும். நேற்றுத் தொற்றிய கிருமி இன்றைய இரத்தப் பரிசோதனையில் பிடிபடாது. கிருமி பெருக நாள் வேண்டும், அதற்கு எதிரான புரதங்களை உடல் உண்டாக்கவும் நாள் வேண்டும். அதனால்தான் ஒரே பரிசோதனையை இடைவெளி விட்டு இரண்டு, மூன்று தடவை செய்கிறார்கள். தனிமைப்படுத்தும் நாட்களின் எண்ணிக்கையும் இப்படிப் பிறந்ததுதான். அமெரிக்காவுக்குள் வரும் குரங்குகள் குறைந்தது 31 நாட்கள் தனியே இருக்கவேண்டும். அதற்குள் இரண்டு வார இடைவெளியில் மூன்று காசநோய்ப் பரிசோதனைகள் முடியவேண்டும்.

யானையில் காசநோய் பார்ப்பது இன்னும் பொறுமையான வேலை. தும்பிக்கைக்குள் உப்புநீரை ஊற்றி, தும்பிக்கையை உயர்த்த வைத்து, பிறகு அந்த நீரை ஒரு பைக்குள் ஊத வைக்கவேண்டும். இப்படி மூன்று வெவ்வேறு நாட்களில் மாதிரி எடுப்பார்கள். காசநோய்க் கிருமி ஆய்வுகூடத்தில் மெதுவாகத்தான் வளரும், முடிவு வர எட்டு வாரங்கள்கூட ஆகலாம். “விலங்கு வந்து இவ்வளவு நாளாகிறது, ஏன் இன்னும் மக்களுக்குக் காட்டவில்லை?” என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: அந்தக் கிருமி வளர எடுக்கும் காலத்தை எந்த அதிகாரியாலும் குறைக்க முடியாது.

பயணமே நோயைக் கிளப்பிவிடும் என்பதையும் சொல்லவேண்டும். கூண்டு, இயந்திரச் சத்தம், வெப்பம், தாகம் எல்லாம் சேர்ந்து விலங்கின் உடலில் கோர்ட்டிசோல் என்ற மனஅழுத்த ஹோர்மோனின் சுரப்பைக் கூட்டும். அது நீடித்தால் நோயெதிர்ப்பு தளரும். அதுவரை குடலில் அடங்கிக் கிடந்த சல்மொனெல்லா போன்ற கிருமிகள் எச்சத்தில் வெளியேறத் தொடங்கும். ஆகவே விலங்கு எழுந்து நிற்க, திரும்ப, படுக்க இடமிருக்கவேண்டும், காற்று போகவேண்டும், சிறுநீர் ஒழுகக்கூடாது என்ற ஐயாட்டாவின் (சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம்) கூண்டு விதிகள் கருணைக்காக மட்டும் எழுதப்பட்டவை அல்ல. கூண்டுக்குள் வைக்கோல் பரப்புவதைக்கூட அந்த விதிகள் ஏற்பதில்லை. வைக்கோலோடு நோயும் வரலாம் என்று பல நாடுகள் அதைத் தடுத்திருக்கின்றன.

அப்புறம், எதை எதோடு சேர்த்து வைக்கிறோம் என்பது. 2003இல் கானாவிலிருந்து செல்லப்பிராணி வியாபாரத்துக்காக டெக்ஸாஸுக்குப் போன கொறிணிகளில் சில குரங்கம்மை வைரஸைச் சுமந்திருந்தன. ஒரு வியாபாரி அவற்றைப் பிரெய்ரி நாய் எனப்படும் வட அமெரிக்கக் கொறிணிகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். தொற்று அவற்றுக்குத் தாவி, அவற்றை வாங்கியவர்களுக்கும் வந்தது. ஆறு மாநிலங்களில் 47 பேர் பாதிக்கப்பட்டார்கள். இயற்கையில் ஒருநாளும் சந்தித்திருக்க முடியாத இரண்டு விலங்குகளைச் சந்திக்க வைத்தது அந்த வியாபாரம். தனிமைப்படுத்தல் நிலையத்தில் ஒரு தொகுதி முழுவதும் வெளியேறிய பிறகே அடுத்ததை விடுவதும், இடையில் ஒன்றைச் சேர்த்தால் எல்லாவற்றுக்கும் நாள்கணக்கை முதலிலிருந்து தொடங்குவதும் இதற்காகத்தான்.

தெஹிவளை மிருகக்காட்சிசாலையைச் சுற்றி வீடுகளும் கடைகளும் நெருங்கி நிற்கின்றன. அங்கே நோய் எதிர்த்திசையிலும் போகும் என்பதை 2021 ஜூன் காட்டியது. தோர் என்ற 11 வயதுச் சிங்கத்துக்குக் கொவிட் தொற்று உறுதியானது. சிங்கம் எங்கேயும் பயணம் போகவில்லை, எனவே மனிதரிடமிருந்துதான் அது போயிருக்கவேண்டும். தனிமைப்படுத்தல் பகுதிக்குத் தனிப் பராமரிப்பாளர், தனி பூட்ஸ், தனி வாளி, தும்மல் உள்ளவருக்கு அன்று வேலையில்லை என்ற ஒழுங்குகள் கூண்டுக்குள் இருப்பதையும் சேர்த்தே காக்கின்றன.

சட்டவழியில் வரும் விலங்கை இப்படிச் சல்லடை போடலாம். பைக்குள் ஒளித்து வருவதை என்ன செய்வது? 2004 ஒக்டோபரில் பிரசல்ஸ் விமான நிலையத்தில் ஒரு பயணியின் கைப்பையில் இரண்டு கழுகுகள் பிடிபட்டன. துணியில் சுற்றி, குழாய்களுக்குள் செருகி, தாய்லாந்திலிருந்து கொண்டுவந்திருந்தார். இரண்டும் நலமாகவே தெரிந்தன. பரிசோதித்தால் எச்5என்1 பறவைக் காய்ச்சல். கழுகுகளோடு, அங்கே தனிமைப்படுத்தலில் இருந்த வேறு பறவைகளும் கொல்லப்பட்டன.

வெளிநாட்டிலிருந்து கட்டுநாயக்கவுக்குக் கிளியோ ஆமையோ கொண்டுவர நினைப்பவர், விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதியைப் பெறவேண்டும். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் கேட்பது அது. காட்டுயிர் என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும், அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள இனமென்றால் அதற்குரிய பத்திரமும் வேண்டும். எந்தப் பரிசோதனை, எந்த நாளில், எத்தனை நாள் தனிமை என்பதெல்லாம் அந்த அனுமதியின் நிபந்தனைகளாகவே வரும். ஆகவே விற்பவரிடம் முற்பணம் கொடுப்பதற்கு முன் அதை வாசித்துவிடுங்கள்.