முன்னூற்றி நாலில் முதல் கணிப்பு எவ்வளவு செல்லும்?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் செத்தவீட்டு இரவென்றால் பாய் விரித்து முன்னூற்றி நாலு என்ற சீட்டாட்டம் நடக்கும். முதல் நாலு சீட்டு விழுந்த கையோடு எதிராள் சட்டென்று 200 கேட்கிறார், அதாவது அத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஏலம் சொல்கிறார். "அவரிடம் ஒரே இனத்தில் ஜாக்கும் ஒன்பதும் இருக்கு" என்று மனம் உடனே தீர்ப்பெழுதிவிடுகிறது.

சீட்டுகளின் புள்ளி இப்படி: ஜாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராசா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நாலுக்கும் 304. ஜாக்கும் ஒன்பதும் மட்டுமே 50 என்பதால்தான் அந்தச் சோடிக்கு இத்தனை பயம்.

ஆனால் 32 சீட்டில் ஒருவருக்கு முதல் நாலிலேயே அது விழும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. ஆயிரம் முறை பகிர்ந்தால் ஏறத்தாழ 48 தடவை. சோடி இருந்தால் பத்துக்கு எட்டுத் தடவையும், இல்லாதபோது பத்துக்கு ஒரு தடவையும் 200 கேட்பவர் என்று வைப்போம். உண்மைக் கேள்வி 38, வெறும் கேள்வி 95. உங்கள் கணிப்பு பலிப்பது 133இல் 38 தடவைதான். இல்லாதபோது நூற்றுக்கு இரண்டு தடவை மட்டுமே கேட்கும் நிதானமானவர் என்றால், வெறும் கேள்வி 19 ஆகிவிடும். அப்போது மூன்றில் இரண்டு தடவை கணிப்பு பலிக்கும். ஆகவே ஆளின் பழக்கம் தெரியாமல் முதல் கணிப்பை நம்புவது பிழை.

உங்கள் கையையும் பாருங்கள். ஆட்டின் (ஹார்ட்ஸ்) ஜாக்கும் கிளாவர் ஒன்பதும் உங்களிடம் இருந்தால், சோடி சேரக்கூடிய இனம் இரண்டே. நூற்றுக்கு ஐந்து என்றது மூன்றாகக் குறையும்.

முகத்தைப் பார்த்துக் கணிப்பது இன்னும் பலவீனம். 2006இல் உளவியலாளர்கள் பொண்ட், டிபவுலோ இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, மனிதர் பொய்யையும் உண்மையையும் சரியாகப் பிரித்தது சுமார் 54 வீதம். போக்கர் வீரர்களின் காணொளிகளை வைத்து ஸ்லெபியன் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தை மட்டும் பார்த்தவர்களால் சீட்டின் தரத்தைச் சொல்ல முடியவில்லை. காசு தள்ளும் கையின் அசைவைப் பார்த்தவர்கள் ஓரளவு சொன்னார்கள்.

பெரும் பிழை அதற்குப் பிறகுதான் வரும். முதல் கணிப்புக்குப் பொருந்துகிற சீட்டை மட்டுமே மனம் எண்ணும். துரும்பு (கேட்டவர் தெரிவுசெய்த, மற்ற இனங்களை வெட்டும் இனம்) ஜாக்கை உங்கள் கூட்டாளி போட்டால் அந்தக் கணிப்பை அங்கேயே விடுங்கள். ஒன்பது, ஆசு, பத்து மூன்றும் சேர்ந்தால் 41. அதை நம்பியும் துணிந்து கேட்பவர் உண்டு. இனி நீங்கள் எண்ண வேண்டியது அவரிடம் மிச்சமுள்ள துரும்பை.