வீட்டுக்கோழி: இனத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய விதிகள்

கோழி இறைச்சிக்கு மலேசிய அரசு வழங்கிவந்த உதவித்தொகை 2023 நவம்பரில் நின்றது. முட்டைக்கானது 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி நின்றது. அதற்குப் பிறகு பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீட்டுக்குப் பின்னால் நான்கைந்து கோழி வளர்த்தால் என்ன என்று யோசிக்கும் குடும்பங்கள் பெருகியிருக்கின்றன. எந்தக் கோழி வாங்கலாம் என்று அவர்கள் கேட்கும்போது, வீடு எங்கே இருக்கிறது, நிலம் யாருடையது என்று திருப்பிக் கேட்காமல் விடை சொல்ல முடிவதில்லை.

தாமானில், அதாவது நகர வீடமைப்புப் பகுதியில், உள்ள வீடுகள் ஊராட்சி மன்றத்தின் ஆளுகைக்கு உட்பட்டவை. சுங்கை சிப்புட்டுக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மன்றமும் தனக்கென்று துணைவிதிகளை வகுத்துக்கொள்வதால், ஈப்போவில் இருக்கும் மைத்துனர் வீட்டில் செல்லுபடியாகும் விதி இங்கே செல்லுபடியாகும் என்று எண்ணிவிடக் கூடாது. எத்தனை கோழி வரை வளர்க்கலாம், கூண்டுக்கும் அடுத்த வீட்டு வேலிக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும், சேவல் வைத்துக்கொள்ளலாமா என்ற மூன்று கேள்விகளையும் மன்ற முகப்பில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருப்போரின் நிலை வேறு. வீடும் நிலமும் நிர்வாகத்துக்குச் சொந்தம் என்பதால், கூண்டு கட்டும் முன் தோட்ட அலுவலகத்தின் அனுமதி தேவை. கிராணி (தோட்ட எழுத்தர்) வாய்வார்த்தையாகச் சொன்ன சம்மதம், மேனேஜர் மாறினால் நிற்காது. சொந்த நிலம் உள்ளவர்களுக்குச் சுதந்திரம் அதிகம்தான். ஆனால் நாற்றம், ஈ, சத்தம் ஆகியவை பற்றி அக்கம்பக்கத்தார் புகார் செய்தால் மன்றம் அவர்களிடமும் வரும்.

என் அனுபவத்தில் புகாருக்குக் காரணம் பெரும்பாலும் கோழி அல்ல, சேவல். எங்கள் வரிசையில் ஒருவர் ஆறு பெட்டைகளையும் ஒரு சேவலையும் இரண்டு ஆண்டுகள் வளர்த்தார். விடியற்காலை நாலரை மணிக்குக் கூவத் தொடங்கும் அந்தச் சேவலால் இரவு வேலை முடித்துவந்த பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தூக்கம் கெட்டது. கடைசியில் கதவில் மன்றத்தின் அறிவிப்பு ஒட்டப்பட்டது. சேவலை உறவினர் தோட்டத்துக்கு அனுப்பியதோடு பிரச்சினை தீர்ந்தது. பெட்டைகள் இட்ட முட்டையில் ஒன்றுகூடக் குறையவில்லை. முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை, குஞ்சு பொரிக்கத்தான் தேவை என்பதை இன்றும் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

ஆகவே தாமான் வீட்டுக்கு ஏற்றவை லோமான் பிரவுன், ஹைசெக்ஸ் பிரவுன் போன்ற பழுப்பு நிற முட்டைக்கோழிகள். ஏறக்குறைய இருபது வாரத்தில் முட்டையிடத் தொடங்கி, நல்ல தீவனம் கிடைத்தால் ஆண்டுக்கு 300 முட்டை அளவுக்கு இடும். அடையில் உட்காரும் குணம் இவற்றில் இல்லையென்றே சொல்லலாம், ஆகவே முட்டையிடுவது இடையில் நிற்பதில்லை. ஒரு கோழி நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் தீவனம் தின்னும். சோற்றையும் தவிட்டையும் மட்டும் போட்டால் சுண்ணாம்புச் சத்துப் போதாமல் முட்டை ஓடு மெலிந்துவிடும். மூன்று கோழி ஒரு சிறு குடும்பத்துக்குப் போதும்.

லயத்திலும் சொந்த நிலத்திலும் நாட்டுக்கோழியே பொருந்தும். முட்டை குறைவுதான், ஆனால் தாய்க்கோழி தானே 21 நாள் அடைகாத்துக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேயும், செம்பனை வரிசையில் புழுவும் கரையானும் தேடித் தின்னும். முனியாண்டி படையலுக்கென்று ஒரு சேவலை வளர்க்கும் குடும்பங்களுக்கும் இதுவே வழக்கம். இறைச்சி சற்று விரைவில் வேண்டுமென்றால் மார்டி என்ற வேளாண் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'சாகா' (Saga) என்ற இனக் கோழியைப் பார்க்கலாம். கடை இறைச்சிக்கான கோப், ரோஸ் இனங்கள் அடைத்து வளர்க்கும் பண்ணைக்கானவை, முற்றத்துக்கு ஆகா. கிளந்தானின் செராமா அழகுக்கானது. அரைக் கிலோகூடத் தேறாது. எந்த இனமானாலும் இரவில் கூண்டு மூடியிருக்க வேண்டும், மரநாயும் மலைப்பாம்பும் இனம் பார்ப்பதில்லை.

இரண்டு இனங்களில் சட்டச் சிக்கல் உண்டு. அசில் என்ற சண்டைக்கோழியை வளர்ப்பது குற்றமன்று. அதைச் சண்டைக்கு விடுவது 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி குற்றம். விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு அச்சட்டம் 20,000 முதல் 100,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. மற்றொன்று, செம்பனைக் காட்டிலிருந்து தீனிக்கு வந்துபோகும் காட்டுக்கோழி. அது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட இனம். உரிமமின்றிக் கண்ணி வைத்துப் பிடித்துக் கூண்டில் அடைத்தால், "எங்கள் வீட்டுக் கோழியோடு சேர்ந்து வந்தது" என்ற விளக்கம் எடுபடாது.

நோய் விஷயத்தில் உதவிக்கு மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தை அணுகலாம். வெள்ளைக் கழிச்சல் என்ற தொற்றுநோய் ஒரு வாரத்தில் கூண்டையே காலி செய்துவிடும். அதற்குக் கண்ணில் விடும் சொட்டுமருந்து இருக்கிறது. ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்கு மேல் வரும், கலந்த பிறகு ஓரிரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். ஆகவே ஐந்தாறு வீட்டார் சேர்ந்து வாங்கி ஒரே காலையில் போட்டுக்கொள்வதே சிக்கனம்.

பறவைக் காய்ச்சல் 2004இல் கிளந்தான் தும்பாட்டில் கிராமத்துக் கோழிகளில் கண்டறியப்பட்டது. 2006இல் நம் பேராக் மாநிலத்திலும் வந்தது. 1953ஆம் ஆண்டு விலங்குகள் சட்டம் தொற்றுநோய்ச் சந்தேகத்தைத் தெரிவிக்கும் பொறுப்பை வளர்ப்பவர் மேலேயே வைக்கிறது. இரண்டு மூன்று கோழிகள் ஒரே நாளில் செத்தால், அவற்றைச் சமைக்கவோ ஆற்றில் வீசவோ, மீதியை அவசரமாக விற்கவோ கூடாது. வெறுங்கையால் தொடாமல், பிள்ளைகளையும் நாயையும் அண்டவிடாமல், அன்றே கால்நடைச் சேவை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.