பச்சைப் பெட்டி சொன்ன பொய்

போன வாரம் ஒரு பயிற்சி மையத்துக்காரர் கூப்பிட்டார். புதுச் சேர்க்கைக்கு வெப்சைட்டில் விண்ணப்பப் படிவம் போட்டுப் பன்னிரண்டு நாளாகிறது, விளம்பரத்துக்கும் செலவு செய்தாயிற்று, ஒருத்தர்கூட விண்ணப்பிக்கவில்லை. "என்னன்னு கொஞ்சம் பாருங்க சார்." நானே ஒரு தடவை நிரப்பி சப்மிட் கொடுத்தேன். பக்கம் ரீலோடு ஆகாமல், பச்சை நிறத்தில் அழகாக ஒரு பெட்டி எழுந்தது: "நன்றி! உங்கள் விண்ணப்பம் பதிவானது." பிரவுசரின் நெட்வொர்க் டேபைத் திறந்தால் சர்வர் 500 என்று, அதாவது உள்ளே கோளாறு என்று, அலறிக்கொண்டிருக்கிறது. டேட்டாபேஸில் ஒரு புலத்தின் பெயரை யாரோ மாற்றியிருக்கிறார்கள். அன்றிலிருந்து ஒரு விண்ணப்பம்கூட உள்ளே போகவில்லை. நன்றி மட்டும் தவறாமல் போயிருக்கிறது.

விண்ணப்பித்தவர்கள் யார் என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. சர்வரின் லாகில் நேரமும் ஐபி முகவரியும்தான் இருந்தன, படிவத்தில் நிரப்பிய பெயரும் போன் நம்பரும் அங்கே பதிவாவதில்லை. மறுபடி விளம்பரம் போட்டதும், சிலர் பச்சைப் பெட்டியின் ஸ்கிரீன்ஷாட்டோடு நேரில் வந்து, "நாங்க அப்பவே அப்ளை பண்ணிட்டோமே" என்றார்களாம்.

இந்த வருடத்தில் இதே கோளாறை நான் பார்ப்பது மூன்றாவது முறை. அதனால்தான் இந்தப் பதிவு.

ரீலோடு ஆகாமல் படிவத்தை அனுப்புவது எப்படி என்று இங்கே சொல்லப்போவதில்லை. அது இரண்டு வரி வேலை, எல்லோருக்கும் தெரியும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பட்டனின் கிளிக்கைப் பிடிக்காதீர்கள், படிவத்தின் சப்மிட் நிகழ்வைப் பிடியுங்கள். என்டர் தட்டி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது பச்சைப் பெட்டிக்கு வருவோம். அந்த கோடில் என்ன இருந்தது? சர்வருக்குத் தகவல் அனுப்பிப் பதில் வாங்கும் ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்சைக் கூப்பிட்டு, 'தென்' உள்ளே வெற்றிச் செய்தி, 'கேட்ச்' உள்ளே தோல்விச் செய்தி. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சர்வர் 500 சொன்னாலும் 404 (கேட்டது இங்கே இல்லை) சொன்னாலும் ஃபெட்ச் 'கேட்ச்' பக்கம் போகாது. இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

ஒரு ஆளிடம் விண்ணப்பத்தைக் கொடுத்து ஆபீசுக்கு அனுப்புகிறீர்கள். போன ஆள் திரும்பி வருகிறான். அவன் கையில் "ஏற்க முடியாது" என்று முத்திரை குத்திய உங்கள் விண்ணப்பமே இருக்கலாம். ஃபெட்சைப் பொறுத்தவரை, ஆள் போய்த் திரும்பினான், வேலை முடிந்தது, அதற்குப் பெயர் 'தென்'. வழியில் வண்டி பஞ்சராகி அவன் திரும்பி வரவே இல்லை என்றால்தான் 'கேட்ச்'. அதாவது நெட் இல்லை, சர்வரின் பெயரே தப்பு, கார்ஸ் (வேறு தளத்தின் பதிலைப் படிக்க விடாத பிரவுசர் கட்டுப்பாடு) தடுத்துவிட்டது மாதிரியான சமாச்சாரங்கள். ஆள் திரும்பியதுமே சந்தனம் குங்குமம் எடுத்து நீட்டினால் எப்படி? கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? அதற்குத்தான் ரெஸ்பான்ஸில் 'ஓகே' என்று ஒரு பண்பு இருக்கிறது. நிலை எண் 200 முதல் 299 வரை இருந்தால் மட்டும் அது உண்மை. ஒரே ஒரு 'இஃப்'. அது இல்லாமல்தான் பன்னிரண்டு நாள் போயிற்று.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் புரிகிறது. இதே வேலைக்குப் பலர் பயன்படுத்தும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களில், ஜேக்வெரியின் ஏஜாக்ஸ் 500 வந்தால் எரர் பக்கம் அனுப்பிவிடும், ஆக்ஸியோஸும் அப்படியே. அங்கே பழகிய கை ஃபெட்சிலும் அதையே எதிர்பார்க்கிறது.

சர்வர் பக்கத்து கோடை எழுதும் பேக்கெண்ட் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உள்ளே "ஸ்டேட்டஸ்: ஃபெயில்ட்" என்று எழுதிவிட்டு வெளியே 200 அனுப்புவதை விட்டுவிடுங்கள், ப்ளீஸ். உறைக்கு மேலே 'சுபம்', பிரித்தால் இழவுச் செய்தி. தகவல் சரியில்லை என்றால் 422, ஏற்கனவே அதே விண்ணப்பம் இருந்தால் 409 என்று எண்கள் இருக்கத்தானே செய்கின்றன?

என் கிளையன்ட்டுகளிடம் நான் வற்புறுத்துவது ஒன்று: வெற்றிச் செய்தியில் விண்ணப்ப எண்ணைப் போடுங்கள், அந்த எண்ணை டேட்டாபேஸில் பதிந்த பிறகு சர்வர்தான் தர வேண்டும். "பதிவானது" என்று எந்த ஜாவாஸ்கிரிப்ட் வேண்டுமானாலும் சொல்லிவிடும். எண்ணைச் சொல்ல முடியாது. கோளாறானால் எண் இருக்க வேண்டிய இடத்தில் 'அன்டிஃபைன்ட்' (மதிப்பே இல்லை) என்று வந்து நிற்கும். மானம் போகும்தான். ஆனால் முதல் நாளே யாராவது போன் பண்ணிச் சொல்லிவிடுவார்கள்.

இதற்கு நேர் எதிரான கேஸும் உண்டு. சப்மிட் அழுத்தினால் திரையில் ஒரு அசைவும் இல்லை. மனிதர் என்ன செய்வார்? மறுபடி அழுத்துவார். ஒரு விடுதி விண்ணப்பத்தில் ஒரே அப்பா ஐந்து முறை பதிந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு விநாடியைத் தாண்டினாலே பயனரின் எண்ண ஓட்டம் அறுந்துபோகும் என்று பயன்பாட்டு வடிவமைப்பு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 1993-லேயே எழுதிவிட்டார். அழுத்திய உடனே பட்டனின் எழுத்தை "அனுப்புகிறோம்…" என்று மாற்றுங்கள், பதில் வரும்வரை இரண்டாவது அழுத்தலை ஏற்காதீர்கள். பதில் நல்லதோ கெட்டதோ, வந்ததும் பட்டனைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். இதை மறந்துவிட்டு "பட்டன் ஸ்டக் ஆயிடுச்சு" என்று என்னிடம் வராதீர்கள்.

பட்டனைப் பூட்டினால் மட்டும் போதாது. விண்ணப்பம் சர்வருக்குப் போய்ப் பதிவாகி, பதில் திரும்பும் வழியில் சிக்னல் போய்விடலாம். அப்போது "தோல்வி" என்று சொன்னால் அதுவும் பொய்தான். "பதிவானதா என்று உறுதிசெய்ய முடியவில்லை, மறுபடி முயலுங்கள், இருமுறை பதிவாகாது" என்று சொல்லுங்கள். சொன்னபடி நடக்கவும் வேண்டும். படிவம் திறக்கும்போதே ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி ஒவ்வொரு முயற்சியிலும் அதையே அனுப்புங்கள். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாகப் பதியாமல் பழைய பதிலையே தரட்டும். காலக்கெடுவையும் நீங்களேதான் வைக்க வேண்டும், ஃபெட்ச் தானாக வைக்காது. அப்புறம், தோல்வி என்றால் படிவத்தைக் காலி செய்யாதீர்கள். கைப்பேசியில் ஒற்றை விரலால் அரை மணி நேரம் தட்டியதைத் துடைத்துவிட்டு "மீண்டும் முயற்சிக்கவும்" என்பது என்ன மரியாதை?

பார்வையற்ற நண்பர் ஒருவர் எனக்காகப் படிவங்களைச் சோதித்துத் தருவார். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை வைத்துப் பார்க்கிறார். "அழுத்தினேன், அப்புறம் ஒன்னுமே சொல்லலை" என்பதுதான் அவரிடமிருந்து அடிக்கடி வரும் பதில். திரையில் பெட்டி எழுந்திருக்கும், ஸ்கிரீன் ரீடருக்கு அது தெரிந்திருக்காது. வெப்சைட்டுகளை எல்லோரும் பயன்படுத்த வசதியாக்கும் நெறிமுறையான, 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1-இல் இதற்கென்றே 4.1.3 என்று ஒரு விதி இருக்கிறது. செய்தி வரப்போகும் இடத்துக்கு ஹெச்டிஎம்எல்லில் 'ரோல்' என்ற பண்பை 'ஸ்டேட்டஸ்' என்று கொடுத்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் அந்தக் காலிப் பெட்டி முதலிலிருந்தே பக்கத்தில் இருக்க வேண்டும், செய்தியை மட்டும் பிறகு உள்ளே போடுங்கள். பெட்டியையும் செய்தியையும் சேர்த்து ஒரே நேரத்தில் உருவாக்கினால் பல சமயம் வாசிக்காது. பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று குறித்துவிட்டுத் தமிழில் செய்தி போடுகிறவர்கள் அந்தப் பெட்டிக்காவது மொழி தமிழ் என்று குறியுங்கள்.

திரையில் எழுந்து மூன்று விநாடியில் தானாக மறையும் டோஸ்ட் என்ற குட்டிச் செய்தியை "சேமித்தாயிற்று" போன்ற சின்ன விஷயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்ப எண் அதில் வந்து போனால் பேனா தேடுவதற்குள் காணாமல் போயிருக்கும். "செல்லாத உள்ளீடு" என்றும் எழுதாதீர்கள், அது யாருக்கும் புரியாது. "கைப்பேசி எண்ணில் 10 இலக்கம் வேண்டும், 9 தான் இருக்கிறது" என்று அந்தக் கட்டத்துக்குக் கீழேயே எழுதுங்கள். பயனர் தந்த பெயரைச் செய்தியில் திருப்பிக் காட்டுவதானால் டெக்ஸ்ட்கன்டென்ட் போதும், அது எதையும் வெறும் எழுத்தாகவே காட்டும். தந்ததை கோடாகவே எடுத்துக்கொள்ளும் இன்னர்ஹெச்டிஎம்எல் பக்கமே போகாதீர்கள், ஸ்கிரிப்டைப் பெயராக எழுதி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

கிளையன்ட்டிடம் ஒப்படைக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பிரவுசரின் டெவ்டூல்ஸில் ஆஃப்லைன் ஆக்கி ஒரு முறை அழுத்துங்கள். மெதுவான நெட்டை வைத்து நாலைந்து முறை படபடவென்று அழுத்துங்கள். சர்வரில் வேண்டுமென்றே 500 வரவழைத்து ஒரு முறை. கண்ணை மூடி, ஸ்கிரீன் ரீடரை ஓடவிட்டு ஒரு முறை. எல்லாம் சரியாக இருந்தாலும் டேட்டாபேஸைத் திறந்து, உங்கள் பெயர் அங்கே இருக்கிறதா, ஒரே ஒரு தடவைதான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பில் அனுப்புங்கள்.