கிரேக்கத் தீவில் சாப்பாடு, இரவு, திருவிழா: உட்காரும் முன் கேளுங்கள்

கிரேக்கத் தீவுகளுக்குக் குடும்பங்களை அனுப்பிவைப்பது என் தொழில். ஊர் திரும்பியவர்கள் சான்டொரினியின் சூரிய அஸ்தமனத்தைப் பற்றி ஒரு வரி சொல்வார்கள், சாப்பாட்டு பில்லைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார்கள். விமான டிக்கெட்டிலும் அறை வாடகையிலும் பைசா பைசாவாகப் பேரம் பேசியவர்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

முதலில் மீன். தவெர்னா என்று சொல்லும் அங்கத்திய சாப்பாட்டுக் கடைகளில் பெரிய மீனுக்குக் கிலோ கணக்கில்தான் விலை. மெனு அட்டையில் 70 யூரோ என்று இருந்தால், அது ஒரு கிலோவுக்கு. என் மூலம் போன ஒரு குடும்பம் அதைத் தட்டு விலை என்று நினைத்து ஆளுக்கொரு மீன் சொல்லிவிட்டது. பில்லைப் பார்த்ததும் சாப்பிட்டது தொண்டையிலேயே நின்றுவிட்டது என்றார் அந்த அம்மா. கடைக்காரர் ஏமாற்றவில்லை, அங்கே வழக்கமே அப்படித்தான். அதனால் ஐஸ் பரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். வேண்டிய மீனைக் காட்டி, கண்ணெதிரே தராசில் வைக்கச் சொல்லுங்கள். 900 கிராம் என்றால் 63 யூரோ. இரண்டு பேருக்குத் தாராளம். மொத்தத் தொகையைக் கேட்டுக்கொண்டு அப்புறம் உட்காருங்கள். இப்படிக் கேட்பதை அங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

நீங்கள் கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டிக்கும் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று காசு உண்டு. வேண்டாமென்றால் வந்தவுடனே சொல்லிவிடுங்கள். ரசீது கொடுக்காவிட்டால் வாடிக்கையாளர் பணம் தர வேண்டியதில்லை என்பது கிரேக்கச் சட்டம். அந்த அறிவிப்பைக் கடையிலேயே பார்க்கலாம்.

சைவம் சாப்பிடுபவர்கள் பயப்படவே வேண்டாம். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு வாரங்களிலும் ஆகஸ்ட் 1 முதல் 14 வரையிலும் பக்தியுள்ள கிரேக்கர்கள் இறைச்சி, பால், முட்டை தொடமாட்டார்கள். அதனால் நிஸ்தீசிமா என்ற நோன்புச் சமையலே அங்கே தனியாக வளர்ந்திருக்கிறது. ஆனால் கணவாய், ஆக்டோபஸ், இறால் ஆகியவற்றை நோன்பிலும் சாப்பிடலாம். ‘நோன்புச் சாப்பாடு’ என்று மட்டும் கேட்டால் தட்டில் கணவாய் வரலாம். கடல் உணவும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். மஞ்சள் பருப்பை மசித்து ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தரும் சான்டொரினி ஃபாவா நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். தக்காளிக்குள்ளும் குடைமிளகாய்க்குள்ளும் அரிசி அடைத்த கெமிஸ்தாவில் சில கடைகளில் கொத்துக்கறி சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இளைஞர்கள் கூட்டமாகப் போகும்போதுதான் எனக்குத் தூக்கம் வராது. கிரீட்டில் மாலியா, ரோட்ஸில் ஃபலிராக்கி, அப்புறம் மிக்கொனோஸ் ஆகிய இடங்களில் இரவு விடியும்வரை நீளும். சாப்பாடு முடிந்ததும் கிரீட்டில் அன்போடு ஊற்றித்தரும் ராக்கி, திராட்சைச் சக்கையில் காய்ச்சியது. சின்னக் கோப்பைதான், ஆனால் விஸ்கிக்குக் குறைந்ததில்லை. அதைவிட ஆபத்து, நம்பமுடியாத மலிவு விலைக்குப் பாரில் ஊற்றும் கலப்படச் சரக்கு. மறுநாள் பார்வை மங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ போதை தெளியவில்லை என்று படுத்துவிடாதீர்கள். அது மெத்தனால் விஷமாக இருக்கலாம். 112ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தாமதித்தால் கண்ணே போய்விடும்.

குடித்துவிட்டு வாடகை பைக்கில் ஏறவே ஏறாதீர்கள். அங்கே இரு சக்கர வாகனத்துக்கு ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.2 கிராம், கார் ஓட்டுபவருக்கு 0.5. நான்கு சக்கர பைக்கும் மலைவளைவுகளில் எளிதாகக் கவிழும். நம் ஊர் லைசென்ஸ் மட்டும் போதாது, சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். போதையில் விபத்து என்றால் பெரும்பாலான பயணக் காப்பீடுகள் பணம் தராது. திரும்பும் டாக்சிக்குக் காசை மாலையிலேயே தனியாக எடுத்து வையுங்கள்.

திருவிழா பார்க்க ஆசைப்பட்டால் ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். கிராமச் சதுக்கங்களில் நீள மேசை போட்டு ஆட்டுக்கறி பரிமாறுவார்கள். கிரீட்டில் லீரா என்ற நரம்புக் கருவியின் இசைக்கு ஊரே கைகோத்து விடியும்வரை ஆடும். அழைத்தால் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள், அவர்களுக்கு அதில் உண்மையான சந்தோஷம். தீனோஸ் தீவில் அன்றைக்குத் துறைமுகத்திலிருந்து கோயில்வரை முழங்காலிலேயே ஏறிப்போகும் பக்தர்களைப் பார்க்கலாம். அவர்கள் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம்.

அந்த வாரம் கிரேக்கர்களே தீவுகளுக்குக் கிளம்புவதால் கப்பலிலும் அறையிலும் இடம் கிடைப்பது கடினம். பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். ஜூலை, ஆகஸ்டில் வீசும் மெல்தெமி காற்று பலமாகிவிட்டால் கப்பல்களைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். ஏதென்ஸிலிருந்து விமானம் என்றால், முந்தைய நாள் கப்பலை நம்பாமல் இரண்டு நாள் முன்பே திரும்பிவிடுங்கள்.