எடுத்த படம் எங்கே போகிறது? உப்பளங்களில் ஓர் ஆவணப் புகைப்படக்காரரின் அனுபவம்

தூத்துக்குடி மாவட்டத்து ஆறுமுகநேரி உப்பளங்களுக்கு நான் முதன்முதலில் கேமராவுடன் சென்றது 2012-ஆம் ஆண்டு மார்ச் மாதம். யாரும் பணம் கொடுத்து அனுப்பவில்லை, எந்த இதழும் கேட்கவில்லை. திருமணங்களையும் நிறுவன விழாக்களையும் படமெடுத்துப் பிழைப்பு நடத்திக்கொண்டிருந்த எனக்கு, என் மாவட்டத்து மக்களின் உழைப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்ற ஆசை மட்டுமே இருந்தது. எங்கள் தொழிலில் இதைப் ‘பர்சனல் புராஜெக்ட்’ என்பார்கள். வாடிக்கையாளரும் கெடுவும் இல்லாத வேலை என்பதால் மனம் போன போக்கில் செய்யலாம். அதே காரணத்தால், தவறு செய்தால் தடுத்துச் சொல்லவும் ஆள் இருக்காது. நல்ல கேமராவும் நல்ல மனமுமாக இத்தகைய பணியில் இறங்கும் இளைஞர்களுக்காகவும், தங்கள் படம் எங்கே போய்ச் சேரும் என்று அறியாமலே அவர்கள் முன் நிற்கும் மக்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதல் இரண்டு ஆண்டுகள் நான் வரப்பின் மேல் நின்று, தொலைவில் இருப்பதை அருகில் காட்டும் 70-200 லென்ஸ் வழியாகத்தான் உப்பளத்தைப் பார்த்தேன். விடியற்காலை ஒளி, பாத்தி நீரில் விழும் வானம், வெள்ளைக் குவியலின் முன் ஒரு சிவப்புச் சேலை என்று படங்கள் அழகாகவே வந்தன. வெண்மை நிறைந்த காட்சியைக் கேமராவின் மீட்டர் மங்கலாக்கிவிடும் என்பதால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைக்கக் கற்றேன். உப்புக்காற்று முக்காலியின் திருகுகளை அரிக்காமலிருக்க, வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கக் கற்றேன். உப்பைப் பற்றித்தான் எதுவும் கற்கவில்லை. எல்லாப் படங்களுக்கும் ‘உப்பு அள்ளும் பெண்கள்’ என்றே குறிப்பு எழுதி வைத்திருந்தேன்.

அப்படங்களில் சிலவற்றை பிரிண்ட் போட்டு எடுத்துச் சென்றபோது, அங்கே வேலை செய்யும் ஓர் அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, ஒரு படத்தைத் தனியே எடுத்து வைத்தார். அதில் பெண்கள் வரிசையாக நிற்க, அவர்களின் கால்கள் கணுக்கால் வரை சேற்றில் புதைந்திருந்தன. அது உப்பு அள்ளுவதல்ல, பருவம் தொடங்குவதற்கு முன் பாத்தியின் தரை இறுகுவதற்காகக் காலால் மிதிக்கும் வேலை என்றும், அப்போது அங்கே ஒரு மணி உப்புகூட இருக்காது என்றும் விளக்கினார். நிலத்தடியிலிருந்து இறைக்கும் உப்புநீர் பாத்தி பாத்தியாக மாறி, வெயிலில் சுண்டி, சுமார் 25 பாமே டிகிரி அடர்த்தியை எட்டும்போதுதான் உப்பு விளைகிறது என்பதையும், வாருவது வேறு வேலை, சுமப்பது வேறு வேலை என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். போகும்போது அவர் கேட்டார்: “மழ காலத்துல ஒரு நாளாவது வந்து பாத்திருக்கியளா, தம்பி?”

நான் போயிருக்கவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளத்தில் வெண்மை இருக்காது, எனவே எடுக்க எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன். அந்த ஆண்டு ஐப்பசியில் போனேன். வேலையில்லாத வீட்டுத் திண்ணை, மளிகைக் கடைக் கடன் எழுதிய சிறு நோட்டு, நகைக்கடன் ரசீது, வெடிப்பு ஆறத் தொடங்கியிருந்த பாதங்கள் ஆகியவைதான் என் திட்டத்தின் மையம் என்பது அப்போது புரிந்தது. அந்த மழைமாதங்களுக்காகத் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கத் தொடங்கியது 2022-இல்தான். லென்ஸையும் மாற்றினேன். 35 மில்லிமீட்டர் லென்ஸில் ஒருவரைப் படமெடுக்க வேண்டுமானால் கைக்கெட்டும் தூரத்தில் போய் நிற்க வேண்டும். அத்தனை அருகில் நின்றுகொண்டு பேசாமல் இருக்க முடியாது.

இந்தக் காலத்தில்தான் நான் மிகவும் வருந்தும் ஒரு தவறு நடந்தது. 2014-இல் ஒரு தொண்டு அமைப்பு உப்பளங்களில் இரண்டு நாள் படமெடுத்துத் தரும்படி பணம் கொடுத்துக் கேட்டது. எழுத்தில் எதுவும் இல்லை, தொலைபேசிப் பேச்சுதான். அந்த அக்கா என்மீது வைத்த நம்பிக்கையில் எடுக்கச் சம்மதித்த ஒரு படமும் அந்தத் தொகுப்பில் போயிற்று. சில மாதங்களில் அது, ஒருவேளைச் சோற்றுக்கும் வழியற்றவர் என்ற வாசகத்துடன் நன்கொடை கேட்கும் சுவரொட்டியாக வந்தது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகள் அதைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறாள். “நான் யாருட்டயும் கைநீட்டுனது இல்ல, தம்பி” என்று மட்டும் அக்கா சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

சுவரொட்டியை நீக்கச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டபோதுதான் சட்டத்தை முதன்முறையாகப் படித்தேன். நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பொதுவாகப் படத்தை எடுத்தவரே அதன் முதல் உரிமையாளர். ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று எடுத்த புகைப்படம் என்றால், மாறான ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, கேட்டவரே முதல் உரிமையாளர் ஆகிறார். படத்தை எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் இந்த உரிமை நீடிக்கும். என்னிடம் ஒப்பந்தம் இல்லாததால் வேண்டிக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று. அதை அகற்ற ஐந்து மாதங்கள் ஆயின. ஆகவே இளையவர்களிடம் நான் முதலில் சொல்வது, கூலி வேலையையும் சொந்தத் திட்டத்தையும் ஒரே நாளில் ஒரே மெமரி கார்டில் கலக்காதீர்கள் என்பதே. படத்தை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது, குறிப்பை மாற்றலாமா என்பவற்றை ஒரு பக்கத்திலாவது எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகே கேமராவை எடுங்கள்.

பெரிய கலைஞர்களும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பவில்லை. அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1936 மார்ச்சில், கலிஃபோர்னியாவின் நிப்போமோ என்ற இடத்தில் பட்டாணி பறிப்போர் முகாமில் தங்கியிருந்த ஒரு தாயைப் புகைப்படக்காரர் டோரத்தியா லாங்கே படமெடுத்தார். அதற்குப் பத்து நிமிடம்தான் ஆயிற்று என்றும், அந்தத் தாயின் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்றும் லாங்கேயே பின்னர் எழுதினார். உலகம் முழுவதும் அறிந்த அந்த முகம் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சனுடையது என்பது வெளியே தெரிய 1978 ஆயிற்று. அந்தப் படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது.

பத்து நிமிடத்தில் எடுத்ததால் வந்த வினை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஆலைக் கழிவில் கலந்த மெத்தில் பாதரசத்தால் பாதிக்கப்பட்ட ஜப்பானின் மினமாட்டா மக்களை ஆவணப்படுத்துவதற்காக, அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித்தும் அவருடைய மனைவி அய்லீனும் 1971 முதல் மூன்று ஆண்டுகள் அந்த ஊரிலேயே வாழ்ந்தனர். கருவிலேயே நச்சேறிய ஓர் இளம்பெண்ணைத் தாய் குளிப்பாட்டும் படத்தைக் குடும்பத்தின் முழுச் சம்மதத்துடனேயே ஸ்மித் எடுத்தார். அந்தப் பெண் 1977-இல் இறந்தார். அதன் பிறகும் பல ஆண்டுகள் அந்தப் படம் உலகெங்கும் அச்சாகிக்கொண்டே இருந்தது. மகளை இனியாவது ஓய்வெடுக்க விட வேண்டும் என்று பெற்றோர் விரும்பியதை ஏற்று, 1998-இல் அப்படத்தின் மீது முடிவெடுக்கும் உரிமையை அய்லீன் அவர்களிடமே ஒப்படைத்தார். ஒரு படம் உலகின் மனசாட்சிக்குத் தேவைப்படும்போது அதைத் திரும்பப் பெறுவது சரிதானா என்று வாதிடுவோர் உண்டு. நான் பெற்றோர் பக்கம்தான். ஒருமுறை சொன்ன சம்மதம் ஆயுள் முழுவதற்கும் செல்லும் என்று நினைக்க நமக்கு எந்த நியாயமும் இல்லை.

அதனால் இப்போது என் வேலைமுறை மெதுவானது. சம்மதத்தை உப்பளத்தில் கேட்பதில்லை. முதலாளியோ கங்காணியோ பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு தொழிலாளி சொல்லும் ‘சரி’யையும் நம்ப முடியாது, ‘வேண்டாம்’ என்பதையும் நம்ப முடியாது. கையுறையோ காலணியோ தரப்படவில்லை என்பதைக் காட்டும் படம் வெளியானால், மறுநாள் வேலை போவது அவருக்குத்தான். வீட்டுக்குப் போய், எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டி, கண்காட்சிக்குச் சரியா, செய்தித்தாளுக்குச் சரியா, இணையத்துக்குச் சரியா என்று தனித்தனியே கேட்கிறேன். கண்காட்சிக்குச் சம்மதித்து இணையத்துக்கு மறுப்பவர்கள் நிறையப் பேர். குழந்தைகள் வளர்ந்து பதினெட்டு வயதானதும் அவர்களிடமே மீண்டும் கேட்கிறேன். அவ்வாறு கேட்டதில் இருவர் வேண்டாம் என்றார்கள், அந்தப் படங்களை நீக்கிவிட்டேன். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது போக்சோ சட்டத்தின்படி தண்டனைக்குரியது என்பது பலருக்கும் தெரியும். முகத்தை மறைத்துவிட்டுப் பள்ளிச் சீருடையையும் வீட்டு வாசலையும் காட்டினாலும் அடையாளம் வெளிப்பட்டுவிடும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில், பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. குவித்து வைத்த உப்பு கரைந்து போயிற்று. வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பின் நான் போனபோது, அக்காவின் வீட்டுக் கொடியில் துணிகளோடு புகைப்படங்களும் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றில் முகங்கள் கரைந்து, நிறம் மட்டும் மிச்சமிருந்தது.

என்னிடம் கோப்புகள் பத்திரமாக இருந்தன. இரண்டு ஹார்டு டிஸ்க்குகள் வீட்டிலும், மூன்றாவது மதுரையில் தம்பி வீட்டிலும் இருக்கும். அந்த வாரம் பதினேழு குடும்பங்கள் படம் கேட்டு எழுதித் தந்தன. கண்காட்சிகளில் பாராட்டுப் பெற்ற உப்பளப் படங்களில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. சடங்கு வீட்டில் எடுத்தது, திண்ணையில் பாட்டியுடன் எடுத்தது, புது சைக்கிளோடு எடுத்தது என்று, நான் திட்டத்தில் சேர்க்காமல் ஒதுக்கியவற்றையே கேட்டார்கள். அக்கா கேட்டது, மூன்றாண்டுகளுக்கு முன் இறந்த கணவரின் படம். தேடியதில் ஒன்றே ஒன்று கிடைத்தது. சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே அவர் பாதி திரும்பிப் பார்க்கும் அந்தப் படத்தில் ஃபோகஸ் பின்னாலிருந்த சுவரில் இருந்தது. கழிக்க வேண்டியவை என்று நானே குறியிட்டு வைத்திருந்த படம் அது.

இரண்டு பிரதிகள் எடுத்துப் போனேன். பின்பக்கத்தில் கணவரின் பெயரையும் தேதியையும் எழுதித் தரச் சொன்னார் அக்கா. பிறகு, இனி தண்ணீர் வந்தாலும் போகாதபடி லேமினேட் செய்து தர முடியுமா என்று கேட்டார். லேமினேட் செய்தால் நாளடைவில் படம் கெடும் என்பது எங்கள் பாடம். அதைச் சொல்லவில்லை. பஸ் நிலையத்துப் பக்கம் இருந்த கடையில் இரண்டையும் லேமினேட் செய்து, அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுத்தேன்.