ஆணுக்கு ஓர் ஒளி, பெண்ணுக்கு ஓர் ஒளி

மனித உடலை ஆடையின்றிப் படமெடுக்கும் கலையில் பல ஆண்டுகளாக லண்டனில் பணியாற்றி வருகிறேன். இத்துறைக்குப் புதிதாக வருவோருக்குப் பயிற்சியும் அளிக்கிறேன். அண்மையில் ஒரு கண்காட்சிக்கான படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, பழைய பிரதிகளை மேசையில் பரப்பி, பெண்களின் படங்களை ஒரு பக்கமும் ஆண்களின் படங்களை மறுபக்கமுமாகப் பிரித்து வைத்தேன். பெண்களின் படங்களே மிகுதியாக இருக்கும் என்பது எனக்கு முன்பே தெரியும். ஆனால் படங்களுக்குள் இருந்த வேறுபாட்டை நான் எதிர்பார்க்கவில்லை. பெண்கள் பெரும்பாலும் படுத்திருந்தார்கள், அல்லது சாய்ந்திருந்தார்கள். விளக்கொளியைப் பரப்பித் தரும் சாஃப்ட்பாக்ஸ் என்ற துணிப்பெட்டியின் மென்மையான ஒளி உடல் முழுவதும் பரவியிருந்தது. பல படங்களில் முகமே இல்லை. ஆண்களோ நின்றார்கள், எதையாவது தூக்கினார்கள், அல்லது முதுகைக் காட்டித் திரும்பியிருந்தார்கள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழுந்த கடுமையான ஒளி தோளையும் விலாவையும் செதுக்கிக் காட்டிவிட்டு, இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் இருளில் விட்டிருந்தது. பெண்ணாகிய நானே இப்படித்தான் எடுத்திருக்கிறேன். யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணே கையை நடத்தியிருக்கிறது.

அந்தப் பழக்கம் என்னோடு தொடங்கியதன்று. புகைப்படக் கலைஞர் எட்வர்ட் மைப்ரிட்ஜ், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆதரவோடு மனிதர்களும் விலங்குகளும் அசையும் விதத்தைப் படமெடுத்து, 1887-ல் 781 அச்சுப் படத்தாள்களாக வெளியிட்டார். அறிவியல் நோக்கத்தோடு செய்யப்பட்ட பணி அது. ஆயினும் அதில் ஆடையின்றி வரும் ஆண்கள் மற்போர் செய்கிறார்கள், பந்து வீசுகிறார்கள், தச்சு வேலை பார்க்கிறார்கள். பெண்களோ நீர் ஊற்றுகிறார்கள், குளிக்கிறார்கள், படியேறுகிறார்கள். அசைவை அளக்க வந்த கேமராவும் ஆணுக்கு ஒரு வேலையையும் பெண்ணுக்கு வேறொரு வேலையையும் கொடுத்துவிட்டுத்தான் படம் பிடித்தது.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தைப் பற்றி கெரில்லா கேர்ள்ஸ் என்ற பெண் கலைஞர் குழுவினர் 1989-ல் வெளியிட்ட சுவரொட்டியை மாணவர்களுக்குத் தவறாமல் காட்டுவேன். அங்கே நவீனக் கலைப் பிரிவில் இடம்பெற்ற கலைஞர்களில் பெண்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆடையற்ற உருவங்களிலோ 85 விழுக்காடு பெண்களுடையவை. இவ்விரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். யார் படத்துக்குள் இருக்கிறார் என்பதும் யார் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறார் என்பதும் ஒரே கேள்வியின் இரண்டு பாதிகள். ஐரோப்பியக் கலைப்பள்ளிகளில் நீண்ட காலம் ஆண் மாடலை வைத்தே உடல் வரையப் பயிற்றுவித்தார்கள். அந்த வகுப்புக்குள் பெண்களுக்கு இடமில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஓவியம் கற்பித்த தாமஸ் ஈகின்ஸ், மாணவியரும் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் இடைத்துணியை அகற்றியதால் எழுந்த எதிர்ப்பை அடுத்து 1886-ல் பதவி விலக நேர்ந்தது. ஆணின் உடலைப் பெண் உற்றுப் பார்ப்பதே குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது.

அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இமோஜன் கன்னிங்ஹாம் 1915-ல் தம் கணவரை ரெய்னியர் மலையில் ஆடையின்றிப் படமெடுத்தார். அப்படங்கள் சியாட்டிலில் அச்சானபோது எழுந்த கண்டனத்தால், நெகட்டிவ்களைப் பல பத்தாண்டுகள் வெளியே எடுக்காமலே வைத்திருந்தார். நம் காலத்துக்கு வந்தால், வியன்னாவின் லியோபோல்ட் அருங்காட்சியகம் 2012-ல் ஆண் நிர்வாணத்தைப் பற்றிக் கண்காட்சி நடத்தியபோது, ஆடையற்ற மூன்று கால்பந்து வீரர்களைக் காட்டிய விளம்பரச் சுவரொட்டிகளுக்கு எதிர்ப்புக் கிளம்பி, அவற்றில் சிவப்புப் பட்டை ஒட்ட வேண்டியதாயிற்று.

என் பயிற்சி வகுப்பில் ஒரு வேலை கொடுப்பேன். பெண் மாடல் ஒருவரை மெத்தையில் பக்கவாட்டில் படுக்கச் செய்து, தலைக்கு மேலே பெரிய சாஃப்ட்பாக்ஸ் வைத்து எடுக்க வேண்டும். பிறகு ஒளியையும் கேமராவையும் அசைக்காமல், அதே இடத்தில் அதே நிலையில் ஆண் மாடலை எடுக்க வேண்டும். முதல் படத்தை அமைதியாக எடுத்து முடிப்பவர்கள், இரண்டாவது படத்தில் தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருவர் கேட்காமலே விளக்கைப் பக்கவாட்டுக்கு நகர்த்தப் போவார். இன்னொருவர், ‘எழுந்து உட்காருங்கள்’ என்பார். ஏன் என்று கேட்டால், அவர் பலவீனமாகத் தெரிகிறார் என்று பதில் வரும். சற்று முன்பு பெண்ணிடம் அழகு என்று கண்டதை ஆணிடம் பலவீனம் என்று காண்கிறோம் என்பதைத் தாங்களே சொல்லிக் கேட்ட பிறகு, வகுப்பில் யாரும் நெடுநேரம் பேசுவதில்லை. இருவரையும் ஒரே கண்ணால் பார்ப்பதே இத்துறையில் சமநிலை என்பதற்கு நான் தரும் பொருள். ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்ற கணக்கு அதன் தொடக்கம் மட்டுமே.

ஜான் காப்ளன்ஸ் 1984 முதல், அறுபது வயதைக் கடந்த தம் உடலையே முகமின்றிப் படமெடுத்தார். சுருங்கிய தோலும் தொங்கும் வயிறும் முதுகின் ரோமமும் சட்டகத்தை நிறைத்தன. லண்டனில் வாழ்ந்து 1989-ல் மறைந்த புகைப்படக் கலைஞர் ரொட்டிமி ஃபானி-கயோடே, கறுப்பின ஆணின் உடலை மென்மையோடும் சடங்கின் கம்பீரத்தோடும் காட்டினார். ஆணுடல் என்றால் உருண்டு திரண்ட தசை மட்டுமே என்று நினைத்து வருவோர் இவ்விருவரையும் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சமமின்மை படத்தில் மட்டும் இல்லை, படமெடுக்கும் அறையிலும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலப் பிற்பகலில், பணி ஓய்வு பெற்ற ஒருவர் மாடலாக வந்து மர முக்காலியில் இரண்டு மணி நேரம் அமர்ந்தார். இறுதியில்தான் அவருடைய கையைக் கவனித்தேன். மயிர்க்கால்கள் சிலிர்த்து நின்றன. மேலங்கி கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஹீட்டர் மூலையில் அணைந்து கிடந்தது. பெண் மாடல் வரும் நாளில் இரண்டையும் முதல் வேலையாக எடுத்து வைக்கும் எனக்கு, அன்று அது தோன்றவே இல்லை. எதைப் படமெடுக்கக் கூடாது என்றும் அவரிடம் நான் கேட்டிருக்கவில்லை. ஆண்தானே என்ற எண்ணம் எனக்குள் அவ்வளவு ஆழமாக இருந்திருக்கிறது.

இன்று யார் வந்தாலும் ஒரே ஒழுங்குதான். இறுக்கமான எலாஸ்டிக்கின் தடம் தோலிலிருந்து மறைய நேரமாகும் என்பதால், தளர்ந்த உடையில் வருமாறு முன்பே சொல்லிவிடுகிறேன். வயது 18 நிரம்பியதற்கான ஆவணத்தைப் பார்க்கிறேன். நம்பிக்கைக்குரிய ஒருவரை உடன் அழைத்து வரலாம் என்பதை ஆண்களிடமும் சொல்கிறேன். நான் இதைச் சொல்லி முடிக்கும்போது அவர்களில் சிலருடைய முகம் தளர்வதைப் பார்க்கிறேன். மாடலைத் தொடுவதில்லை, நிலையை மாற்ற வேண்டுமானால் வாயால் சொல்கிறேன், அல்லது நானே செய்து காட்டுகிறேன். எந்தப் படம் எங்கே வெளியாகலாம், முகம் தெரியலாமா என்பதெல்லாம் ஒப்புதல் படிவத்தில் தனித்தனி வரிகளாக இருக்கின்றன. அந்தரங்கப் படத்தை ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கில் ஒப்புதலின்றி வெளியிடுவது இங்கிலாந்தில் 2015-ல் தனிக்குற்றமாயிற்று, 2024 முதல் அந்த நோக்கம் இல்லாவிட்டாலும் அது குற்றமே. சட்டம் ஆண், பெண் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஊதியமும் அவ்வாறே ஒன்றாக இருக்க வேண்டும். பெண்ணுக்குப் பணமும், ஆணுக்குப் படத்தின் நான்கு பிரதிகளும் என்று பேரம் பேசுவோரை இத்துறையில் நான் நேரில் கண்டிருக்கிறேன்.

மேசையில் பரப்பிய அந்தப் படங்களுக்குத் திரும்புகிறேன். முகம் வெட்டப்பட்ட பெண்களின் மூலக்கோப்புகளைத் திறந்து பார்த்தேன். பலவற்றில் முகம் முழுமையாக இருந்தது, அச்சிடும்போது நான்தான் வெட்டியிருக்கிறேன். படத்தை முழுச் சட்டகமாக மீண்டும் அச்சிடலாமா என்று இருவருக்கு எழுதினேன். ஒருவர் மகிழ்ச்சியோடு சம்மதித்தார். மற்றவர் மறுத்தார், முகம் வேண்டாம் என்பது அவர் அன்றே கேட்டுக்கொண்டது, படிவத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது, அதை நான் மறந்துபோயிருந்தேன். அவருடைய படம் இருந்தபடியே கண்காட்சிக்குப் போகிறது. இருளில் நிற்கும் ஆண்களின் கோப்புகளிலும் நிழலைத் தளர்த்தினால் உடல் முழுதும் தெரியும். அதைச் செய்யும் முன் அவர்களுக்கும் எழுதியிருக்கிறேன். முக்காலியில் அமர்ந்தவருடைய பதில் இன்னும் வரவில்லை.